அட்டன்பரோ: ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரின் பிறப்பும் பரவலும்

அட்டன்பரோ என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அது எந்த அளவுக்கு அரிதானது, அந்தப் பெயரைத் தாங்கிய அனைவரும் ஒரே வம்சத்தவர்தானா என்று மூன்று கேள்விகள் கேட்கப்பட்டுள்ளன. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து விடை சொல்வதே வழக்கம். ஆனால் அரிய பெயர்களைப் பொறுத்தவரை அப்படிப் பிரிக்க இயலாது. பெயர் எத்தனை பேரிடம் உள்ளது, அவர்கள் எந்தப் பகுதியில் குவிந்திருக்கிறார்கள் என்பதே அதன் பிறப்பிடத்துக்கான முதன்மைச் சான்றாகிறது. பிறப்பிடம் தெரிந்த பிறகுதான் உறவுமுறை பற்றி ஏதேனும் பொறுப்போடு பேச முடியும். சுருக்கமான விடை இது: இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தில் உள்ள அட்டன்பரோ என்ற சிற்றூரிலிருந்து இப்பெயர் வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி, இது உண்மையிலேயே அரிய பெயர், இதைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் தந்தைவழியில் ஒரே மூதாதையைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு மரபணுச் சான்றும் உண்டு. இந்தக் கடைசிக் கூற்றைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வதால், அதை விரிவாகவே விளக்க விரும்புகிறேன்.

முதலில் பின்புலம். 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பு, அங்கிருந்த மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் இருக்கவில்லை. ஒருவருக்கு ஒரு பெயர். அடையாளம் தேவைப்பட்டால் தந்தையின் பெயரையோ, தொழிலையோ, ஊரையோ சேர்த்துச் சொன்னார்கள். அந்தச் சேர்க்கை அவரோடு முடிந்துவிடும். நார்மானிய நிலவுடைமையாளர்கள்தாம் தங்கள் நிலத்தின் பெயரைப் பிள்ளைகளுக்கும் கடத்தத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் மெல்ல மெல்லக் கீழிறங்கி, தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் பெரும்பாலான குடும்பங்களில் நிலைபெற்றது. வடக்கே அதற்குப் பிறகும் சிறிது காலம் பிடித்தது. ஆகவே ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் பிறப்பைத் தேடுகிறவர், பொதுவாக 13, 14ஆம் நூற்றாண்டுகளில்தான் தேட வேண்டும். அதற்கும் முந்தைய சாக்சன் வீரர் ஒருவரிடம் நேராகக் கொண்டுபோய் நிறுத்தும் விளக்கங்களை நம்ப வேண்டியதில்லை.

ஊர்ப் பெயரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர்களில் ஒரு விதி உண்டு. ஊருக்குள் இருப்பவரை யாரும் ஊர்ப் பெயரால் அழைப்பதில்லை, ஏனெனில் அங்கே எல்லோரும் அந்த ஊர்க்காரர்களே. ஊரை விட்டு வெளியேறிப் பக்கத்து ஊரிலோ நகரத்திலோ குடியேறியவரைத்தான் 'இன்ன ஊர்க்காரர்' என்று அழைப்பார்கள். அட்டன்பரோ ஊரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஊரில் பிறந்தவர்களில் வரலாற்றில் மிகப் புகழ்பெற்றவர் ஹென்றி அயர்ட்டன். 1611இல் அங்குள்ள தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், 17ஆம் நூற்றாண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத் தரப்பின் தலைவரான ஆலிவர் கிராம்வெல்லின் மருமகன், அந்தப் படையின் தளபதிகளில் ஒருவர். அவருடைய குடும்பப் பெயர் அட்டன்பரோ அன்று. பக்கத்து மாவட்டமான டெர்பிஷயரில் அயர்ட்டன் என்று முடியும் ஊர்கள் உள்ளன. அங்கிருந்து வந்த குடும்பம் என்பதை அந்தப் பெயரே சொல்கிறது. அட்டன்பரோவுக்கு வெளியிலிருந்து வந்தவர் அயர்ட்டன் ஆனார். அட்டன்பரோவிலிருந்து வெளியே போனவர் அட்டன்பரோ ஆனார்.

அந்த ஊர் நாட்டிங்காம் நகரத்துக்குத் தென்மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவில், டிரென்ட் ஆற்றங்கரையில் உள்ளது. டோட்டன், சில்வெல் என்ற இரு குடியிருப்புகள் முன்பு அதன் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவையாக இருந்தன. இப்போது ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அங்குள்ள இயற்கைக் காப்பிடத்தைப் பார்க்கவே வருகிறார்கள். ஆற்றங்கரையில் சரளைக்கல் தோண்டி எடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து, பறவைகள் வந்து தங்கும் ஏரிகளாகிவிட்டன. 1966இல் அந்தக் காப்பிடத்தைத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ.

ஊர்ப் பெயரின் 12ஆம் நூற்றாண்டு வடிவம் 'அடின்பர்ஹா' என்பதை ஒட்டியது. அடா அல்லது எடி என்ற பழைய ஆங்கில ஆட்பெயர், 'அவரைச் சார்ந்த' என்ற பொருள் தரும் 'இங்' என்ற ஒட்டு, அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் 'பர்ஹ்' என்ற சொல் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. அடா என்பவரைச் சார்ந்த அரணிடம் என்பது பொருள். இந்த 'பர்ஹ்' என்ற சொல்தான் பீட்டர்பரோ போன்ற ஊர்களில் 'பரோ' என்றும், அதன் வேற்றுமை வடிவம் கேன்டர்பரி போன்ற ஊர்களில் 'பரி' என்றும் நிற்கிறது. இடையில் இருந்த மெல்லிய ஒற்றை டகரம் காலப்போக்கில் வலித்து, 'அடின்' என்பது 'அட்டன்' ஆயிற்று. தமிழில் ஒற்றை டகரமாகவும் இரட்டை டகரமாகவும் எழுதினால் இந்த ஒலி மாற்றம் தெளிவாகவே தெரிகிறது.

இதற்குப் போட்டியாக இன்னொரு விளக்கமும் உண்டு. அதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டே' என்றால் 'அந்த இடத்தில்' என்று பொருள். காட்டருகே வாழ்ந்தவர் அட்வுட் ஆனார். கிணற்றருகே வாழ்ந்தவர் அட்வெல் ஆனார். இந்தியா விடுதலை பெற்றபோது பிரிட்டனின் பிரதமராக இருந்த கிளெமென்ட் அட்லியின் பெயரும் இந்த வகைதான். காட்டில் திருத்திய வெளியருகே வாழ்ந்தவர் என்பது அதன் பொருள். இந்த 'அட்டே' என்பது அடுத்து வரும் சொல்லின் பாலுக்கு ஏற்ப 'அட்டன்' என்றும் 'அட்டர்' என்றும் மாறும். 'அட்டன் ஓக்' என்பது பிரிந்து மருவி 'நோக்ஸ்' என்ற குடும்பப் பெயரானதும், 'அட்டன் ஆஷ்' என்பது 'நாஷ்' ஆனதும் இப்படித்தான். எனவே 'அட்டன் பர்ஹ்' என்று பிரித்து, 'கோட்டையருகே வாழ்ந்தவர்' என்று அட்டன்பரோவுக்குப் பொருள் சொல்லலாம் என்று தோன்றும். அப்படிச் சொன்னால் இந்தப் பெயர் எந்த ஒரு குறிப்பிட்ட ஊருக்கும் உரியது அன்று; கோட்டை இருந்த இடமெல்லாம் அது தனித்தனியே பிறந்திருக்கலாம் என்றாகிவிடும்.

இங்கே இலக்கணம் உதவுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'பர்ஹ்' பெண்பால் சொல். பெண்பாலுக்கு முன்னே வர வேண்டியது 'அட்டர்', 'அட்டன்' அன்று. அப்படியே பிறந்த பெயர் ஒன்றும் இருக்கிறது: அட்டர்பரி. ஆகவே 'அட்டன்' என்று தொடங்கும் வடிவம் 'பர்ஹ்' என்பதோடு இயல்பாகப் பொருந்தவில்லை. குன்றையோ மேட்டையோ குறிக்கும் 'பியோர்க்' என்ற சொல்லும், சோலையைக் குறிக்கும் 'பியரு' என்ற சொல்லும் ஆண்பால். இவை பின்னாளில் 'பேரோ' என்ற வடிவம் பெற்றன. அதனால் அட்டன்பேரோ என்று எழுதப்பட்ட சில குடும்பங்கள் குன்றருகே அல்லது சோலையருகே வாழ்ந்த ஒருவரின் வழிவந்தவையாக இருப்பதற்கு இடமுண்டு. ஆனால் இலக்கணத்தை மட்டும் வைத்து இந்த வழக்கை முடித்துவிட முடியாது. ஆங்கிலத்தில் சொற்களின் பால் வேறுபாடு 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே குலையத் தொடங்கிவிட்டது. கிழக்கிலும் வடக்கிலும் அது இன்னும் முந்தியே நடந்தது. பால் குழம்பிய பின் 'அட்டன்' தவறான இடத்தில் வந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால், அதை இலக்கணத்தால் மறுக்க முடியாது.

மறுப்பது நிலப்படம். 'அட்டே' என்று தொடங்கும் பெயர்கள் சசெக்ஸ், சர்ரி, கென்ட் போன்ற தென் மாவட்டங்களில்தான் செழித்தன. அட்டன்பரோ என்ற பெயர் அந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தால் தெற்கே நாலைந்து இடங்களிலாவது அது திரண்டிருக்க வேண்டும். உண்மையில் அது திரண்டிருப்பது நாட்டிங்காம்ஷயரிலும் அதையொட்டிய டெர்பிஷயரிலும்தான், அதாவது அட்டன்பரோ என்ற ஊரைச் சுற்றியே. ஒரே பெயரில் ஓர் ஊரும் ஓர் அரிய குடும்பப் பெயரும் இருந்து, அந்தப் பெயருள்ளவர்கள் அந்த ஊரைச் சுற்றியே அடர்ந்திருந்தால், அதைத் தற்செயல் என்று சொல்வது கடினம். சொற்பிறப்பு நூல்கள் இரண்டு மூன்று விளக்கங்களை அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடும்போது, பரவல்தான் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. அரிய பெயர்களை ஆராய்வதில் இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பரவலை அறிய மிக நல்ல ஆதாரம் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அன்றிருந்த ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் மக்களின் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் அதில் உள்ளன. தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து அதை முழுவதும் படியெடுத்ததால், ஒரு பெயர் எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இருந்தது என்பதை எவரும் எண்ணிப் பார்க்க முடிகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும் இடப்பெயர்ச்சிகளுக்கு முந்தைய நிலை அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. ரயில் வந்து நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆகியும், பல அரிய பெயர்கள் தாம் பிறந்த இடத்திலிருந்து இருபது முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே அன்று அடர்ந்திருந்தன. இன்றைய வாக்காளர் பட்டியலை மட்டும் பார்த்தால் லண்டனும் பெருநகரங்களும் எல்லாப் பெயர்களையும் இழுத்துக் கலைத்துவிட்டிருக்கும்.

எண்ணிக்கைக்கு வருவோம். அட்டன்பரோ என்ற பெயர் உலகெங்கும் தெரிந்த பெயர். 1982இல் வெளிவந்த 'காந்தி' திரைப்படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோவையும், இயற்கை வரலாற்று நிகழ்ச்சிகளால் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்ட அவருடைய தம்பி டேவிட்டையும் அறியாதவர்கள் குறைவு. இரு சகோதரர்களின் புகழால் அந்தப் பெயர் பரவலானது என்ற எண்ணம் ஏற்படுகிறது. ஆனால் பிரிட்டனில் ஸ்மித் என்ற பெயருடையவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அட்டன்பரோக்கள் அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டமாட்டார்கள். பெயர் கேள்விப்பட்டதாக இருப்பது வேறு, பெயர் பரவியிருப்பது வேறு.

இத்தகைய எண்ணிக்கையைச் சொல்லும்போது எந்த ஆண்டு, எந்த நிலப்பகுதி, எந்த எழுத்துக்கூட்டல் என்ற மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையென்றால் எண்ணுக்குப் பொருளே இல்லை. 1837 ஜூலை 1ஆம் தேதி குடிமைப் பதிவு தொடங்கும் வரை பெயரை எப்படி எழுதுவது என்பதைப் பெரும்பாலும் பாதிரியாரோ எழுத்தரோதான் தீர்மானித்தார். பெயருக்குரியவருக்கே எழுதத் தெரியாத நிலை சாதாரணமாக இருந்தது. அட்டன்பரோ, அட்டன்பர்ரோ, அட்டன்பேரோ, அட்டன்ப்ரோ என்ற வடிவங்கள் ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறைகளில் மாறி மாறி வரக்கூடும். இவற்றைச் சேர்த்து எண்ணினால் ஒரு தொகை, பிரித்து எண்ணினால் வேறொரு தொகை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறும் நேர்கிறது: கணக்கெடுப்புப் படியெடுப்புகளில் ஒரே ஒருவருக்கு மட்டும் உரியதாகத் தோன்றும் பெயர்களில் பல உண்மையில் பெயர்களே அல்ல, கையெழுத்தைத் தவறாகப் படித்ததால் பிறந்தவை. 'அழிவின் விளிம்பில் உள்ள ஆங்கிலப் பெயர்கள்' என்று அவ்வப்போது சுற்றிவரும் பட்டியல்களை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். அவற்றில் ஆண்டும் இல்லை, எண்ணிய முறையும் இல்லை; வேறு எழுத்துக்கூட்டலில் நன்றாகவே வாழும் பெயர்கள்கூட அழிந்தவையாகக் காட்டப்படுகின்றன.

ஒரு பெயர் ஏன் அரிதாக இருக்கிறது? மேன்மை காரணமன்று, தொடக்கத்தில் ஒருவரோ சிலரோ மட்டுமே அதைப் பெற்றார்கள் என்பது ஒரு காரணம், அதன்பின் நடந்தது தற்செயல் என்பது மற்றொன்று. கொல்லர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள், அதனால் ஸ்மித் ஆயிரக்கணக்கான முறை தனித்தனியே பிறந்தது. அட்டன்பரோ போன்ற சிற்றூரிலிருந்து வெளியேறி, அந்த ஊரின் பெயரால் அழைக்கப்பட்டு, அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கும் விட்டுச்சென்றவர்கள் மிகச் சிலராகத்தான் இருந்திருக்க முடியும். அந்தச் சிலரின் வழிகளும் எல்லாம் பிழைத்திருக்காது. 1348, 1349ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோயும் அதைத் தொடர்ந்த நோய் அலைகளும் இங்கிலாந்தின் மக்கள்தொகையை ஏறத்தாழப் பாதியாக்கின. குடும்பப் பெயர்கள் நிலைபெற்றுக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் இது நடந்ததால், அன்று புதிதாகத் துளிர்த்த எத்தனையோ பெயர்கள் ஆவணத்தில் ஒருமுறை தோன்றியதோடு மறைந்துபோயின.

கொள்ளைநோய் வராமலே இருந்திருந்தாலும் பெரும்பாலான பெயர்வழிகள் அற்றுப்போயிருக்கும் என்பதுதான் வியப்பானது. 1873இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் இதை ஒரு கணக்காக முன்வைத்தார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியாரும் கணித அறிஞருமானவர் அதற்கு விடை தேடினார். கணக்கு எளிது. ஒவ்வோர் ஆணுக்கும் சராசரியாக ஒரு மகன், ஆனால் சிலருக்கு மூவர், சிலருக்கு ஒருவருமில்லை என்று தற்செயலாக அமைவதாக வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறையிலேயே மகனில்லாமல் ஒரு பெயர்வழி முடிந்துபோவதற்கான வாய்ப்பு 37 விழுக்காடு. ஐந்து தலைமுறைக்குள் அது 73 விழுக்காடாகிறது. பத்துத் தலைமுறைக்குள் 84. இருபது தலைமுறைக்குள் 91. அதாவது 14ஆம் நூற்றாண்டில் நூறு பேர் நூறு வெவ்வேறு பெயர்களோடு தொடங்கியிருந்தால், மக்கள்தொகை மாறாதிருந்தபோதும் இன்று ஒன்பது பெயர்களே எஞ்சும். எஞ்சிய ஒவ்வொன்றையும் சராசரியாகப் பதினொரு பேர் தாங்கியிருப்பார்கள். மக்கள்தொகை பெருகும் காலத்தில் இழப்பு குறையும், ஆனால் நின்றுவிடாது. இன்று நாம் காணும் ஓர் அரிய பெயர், அழிந்துபோன பல பெயர்களுக்கு நடுவே தப்பிப் பிழைத்தது.

மூன்றாவது கேள்வியான உறவுமுறைக்கு இந்தக் கணக்கு மிக அவசியம். ஆங்கிலக் குடும்பப் பெயரும், ஆண்களிடம் மட்டுமே உள்ள மரபணுத் தொகுப்பான ஒய் குரோமோசோமும் ஒரே வழியில், தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கின்றன. எனவே ஒரே பெயருள்ள ஆண்களின் ஒய் குரோமோசோம்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால், பெயரின் வரலாற்றை ஓரளவு சோதித்தறியலாம். 2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிரையன் சைக்ஸ் தம்முடைய குடும்பப் பெயரையே எடுத்துக்கொண்டு 48 சைக்ஸ் ஆண்களைச் சோதித்தார், அவர்களில் 43.8 விழுக்காட்டினரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. அதன்பின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் துரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 2009இல் வெளியிட்ட ஆய்வு மிகப் பெரியது: 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். ஸ்மித் போன்ற மிகப் பரவலான பெயரைப் பகிர்ந்துகொள்வது உறவைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பெயர் அரிதாக ஆக ஆக, ஒரே மூதாதையைக் காட்டும் ஒற்றுமை கூடியது. சராசரியாக 62 விழுக்காட்டினர் இத்தகைய பொது மூதாதைக் கூட்டங்களுக்குள் அடங்கினார்கள்; பெயருக்குப் பெயர் இந்த அளவு 0 முதல் 87 விழுக்காடு வரை வேறுபட்டது. அட்டன்பரோ அந்த நாற்பது பெயர்களில் ஒன்று. சோதிக்கப்பட்ட அட்டன்பரோ ஆண்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் ஒரே வகையான, அல்லது ஏறத்தாழ ஒரே வகையான ஒய் குரோமோசோம் காணப்பட்டது.

இதைப் படித்தவுடன் 'அப்படியானால் அட்டன்பரோ என்ற பெயரை முதலில் பெற்றவர் ஒரே ஒருவர்' என்று பலரும் முடிவுகட்டுகிறார்கள். அந்த முடிவு தவறு என்று சொல்லவில்லை; ஆனால் இந்தச் சான்றிலிருந்து அது தானாகவே பிறக்காது. அட்டன்பரோவிலிருந்து ஐந்து பேர் ஐந்து ஊர்களுக்குப் போய், ஐவரும் தனித்தனியே அந்தப் பெயரைப் பெற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன கணக்கின்படி அவர்களில் நால்வரின் வழி அற்றுப்போவதே இயல்பு. எஞ்சிய ஒருவரின் வழித்தோன்றல்களை மட்டும் இன்று சோதித்தால், தொடக்கத்திலும் அவர் ஒருவரே இருந்தார் என்பது போலத்தான் தோன்றும். அந்த ஆய்வாளர்களே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: பல பொது மூதாதைக் கூட்டங்களின் காலம், பெயர்கள் பிறந்த காலத்தைவிடப் பிந்தையதாக இருக்கிறது, சில ஆண்களுக்குப் பிள்ளைகள் பெருகியதும் பிறருக்கு அற்றுப்போனதும் இன்றைய நிலையை வடிவமைத்திருக்கின்றன, பெயர்கள் தோன்றிய காலத்து நிலை இன்றிருப்பதிலிருந்து மிகவும் வேறுபட்டது. ஆகவே சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தந்தைவழியில் ஒரே மூதாதை உண்டு என்பது சரி. பெயரை உண்டாக்கியவரும் அந்த மூதாதையும் ஒரே ஆள் என்பது தனியாக நிறுவப்பட வேண்டியது. அதை நிறுவ மரபணு போதாது. இடைக்கால வரிப் பட்டியல்களிலும் நிலக்கிழார்களின் உள்ளூர் நீதிமன்றங்களான மேனர் நீதிமன்றங்களின் பதிவுகளிலும் அந்தப் பெயர் எந்தெந்த ஊரில் எப்போது வருகிறது என்று பார்த்தாக வேண்டும்.

ஒத்துவராத மற்றவர்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்களை 'உண்மையான அட்டன்பரோக்கள் அல்லர்' என்று சொல்வது அறியாமை. தத்தெடுப்பு, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை தாயின் பெயரைப் பெறுவது, சொத்துரிமைக்காக மனைவி வீட்டுப் பெயரை ஏற்பது, விதவை மறுமணம் செய்தபின் பிள்ளைகள் புதிய தந்தையின் பெயரால் அறியப்படுவது என இதற்குப் பல வழிகள் உண்டு. சைக்ஸ் ஆய்வு இத்தகைய முறிவின் வீதத்தைத் தலைமுறைக்கு 1.3 விழுக்காடு என்று மதிப்பிட்டது. சிறிய அளவுதான், ஆனால் எழுநூறு ஆண்டுகளை 23 தலைமுறைகளாகக் கொண்டு பெருக்கினால், ஒரே ஒருவரிடம் தொடங்கிய பெயரில்கூட இன்று 74 விழுக்காட்டினரே அவருடைய ஒய் குரோமோசோமைக் கொண்டிருப்பார்கள். அரச குடும்பமும் இதற்கு விலக்கில்லை. 2012இல் லெஸ்டரில் கிடைத்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளைச் சோதித்தபோது, மரபணு ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் இதே துரி கிங்தான். தாய்வழி மரபணு உறவினர்களோடு ஒத்துப்போனது. தந்தைவழி உறவினர்களாக ஆவணங்கள் காட்டியவர்களின் ஒய் குரோமோசோம் ஒத்துப்போகவில்லை.

புகழ்பெற்ற சகோதரர்கள் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்களா என்றும் அடிக்கடி கேட்கப்படுவதுண்டு. அவர்களுடைய தந்தை ஃபிரெடெரிக் அட்டன்பரோ 1887இல் ஸ்டேபிள்ஃபோர்டில் பிறந்தார். அட்டன்பரோ ஊரிலிருந்து அது நான்கு கிலோமீட்டர் அளவே. பெயர் பிறந்து ஐந்தாறு நூற்றாண்டுகள் கழித்தும், ஒரு குடும்பம் பெயரின் ஊரிலிருந்து நடந்துபோகும் தொலைவில்தான் இருந்திருக்கிறது. அந்த ஃபிரெடெரிக் பழைய ஆங்கில மொழியறிஞர். இங்கிலாந்தின் மிகப் பழைய மன்னர்களின் சட்டங்களைப் பதிப்பித்து 1922இல் வெளியிட்டவர். தம் பெயரில் உள்ள 'பர்ஹ்' என்ற சொல்லை அச்சட்டங்களின் மூலத்தில் அவர் எத்தனையோ முறை படித்திருப்பார். 1932 முதல் 1951 வரை லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். பின்னாளில் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த நிறுவனத்தில்தான் அட்டன்பரோ பெயரின் ஒய் குரோமோசோம் ஆய்வு நடந்தது.

குடும்பச் சின்னம் விற்பவர்களைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. எந்தக் குடும்பப் பெயரைச் சொன்னாலும் அதற்கு ஒரு கேடயச் சின்னமும் ஒரு வீர வரலாறும் அச்சிட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் தனியொருவருக்கு வழங்கப்பட்டு அவருடைய வழித்தோன்றல்களுக்கு உரியதாவது. ஒரு பெயருக்கென்று சின்னம் கிடையாது. 1484 முதல் சின்னங்களைப் பதிவுசெய்துவரும் லண்டன் சின்னங்கள் கல்லூரியின் நிலைப்பாடும் இதுவே. அப்படி வாங்கும் தாளுக்குச் செலவழிப்பதைவிட, அந்தப் பணத்தில் இரண்டு மூன்று பிறப்புச் சான்றிதழ்களின் நகல்களை வாங்குவது எவ்வளவோ மேல்.

இந்தப் பெயரோடு தொடர்புள்ள ஒருவர் தம் வழியைத் தேட விரும்பினால், இன்றிலிருந்து பின்னோக்கித்தான் செல்ல வேண்டும். 1837 வரை குடிமைப் பதிவும், பெயர்களைப் பதிவுசெய்த முதல் பெருங்கணக்கெடுப்பான 1841 வரை மக்கள்தொகை ஏடுகளும் கைகொடுக்கும். அதற்கு முன்னே தாமஸ் கிராம்வெல்லின் 1538ஆம் ஆண்டு ஆணையால் தொடங்கிய தேவாலயப் பங்குப் பதிவேடுகள் உள்ளன. ஆனால் பழைய தாள் ஏடுகளைத் தோல் ஏடுகளில் படியெடுக்க 1598இல் ஆணையிட்டபோது, முதலாம் எலிசபெத் அரசியான 1558 முதல் எழுதினால் போதும் என்று பல ஊர்களில் விட்டுவிட்டதால், இருபது ஆண்டுப் பதிவுகள் பல இடங்களில் இல்லை. அதற்கும் முன்னே 1377, 1379, 1381ஆம் ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள், எஞ்சியிருக்கும் அளவுக்கு, உதவும். இந்த இடைக்கால ஏடுகளில் பெயருக்கு முன்னே நிற்கும் சிறு சொல்லைக் கவனமாகப் பார்க்க வேண்டும். லத்தீன் மொழியில் 'டி' என்று இருந்தால் அவர் அந்தப் பெயருள்ள ஊரிலிருந்து வந்தவர் என்று கொள்ளலாம். 'அட்டே' என்று இருந்தால் ஏதோ ஓர் இடத்தருகே வாழ்ந்தவர். ஒற்றை டகரத்தோடு 'அடின்' என்பது போன்ற வடிவம் கிடைத்தால் அது நாட்டிங்காம்ஷயர் ஊரையே சுட்டும், ஏனென்றால் 'அட்டே' என்ற முன்சொல்லில் அந்த மெல்லொலி வர வழியில்லை.

மரபணுச் சோதனையை இதற்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. ஆவணத்தில் இணையாத இரண்டு அட்டன்பரோ கிளைகளிலிருந்து தந்தைவழியில் வந்த ஓர் ஆணையாவது ஒவ்வொரு பக்கமும் சோதித்தால், ஏடுகள் தொலைந்த காலத்தில் அவை ஒன்றாக இருந்தனவா என்பது தெரியவரும். அட்டன்பேரோ, அட்டன்பர்ரோ என்று எழுதும் குடும்பங்களையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அதே ஊர்க்காரரின் வழியில் வந்தவர்களா, வேறெங்கோ ஒரு குன்றருகே வாழ்ந்தவரின் வழியில் வந்தவர்களா என்பதை எழுத்துக்கூட்டலால் மட்டும் அறிய முடியாது.